கொத்துவதா, மூடுவதா? செட்டிநாட்டுப் பின்கட்டுத் தோட்டத்துக்கு ஐந்து வழிகள்

ஆனி மாதம் பாதி தாண்டினால் போதும், ஒரே கேள்வி நாலைந்து பேரிடமிருந்து வந்துவிடும். வீட்டுக்குப் பின்னால் மூன்று சென்ட்டோ ஆறு சென்ட்டோ சும்மா கிடக்கிறது. முழங்கால் உயரத்துக்குப் புல்லும் பூண்டும். ஆடிப்பட்டத்துக்குக் காய்கறி போட ஆசை. ஆள் விட்டுக் கொத்தலாமா, டிராக்டர் விடலாமா, மருந்து அடித்துவிடலாமா? இல்லை, வீடியோவில் காட்டுகிறார்களே, அட்டைப்பெட்டியை விரித்து மேலே எருவைக் கொட்டி, மண்வெட்டியைத் தொடாமலே தோட்டம் போடுவது, அது நம்ம ஊருக்கு ஆகுமா?

பள்ளத்தூர், கோட்டையூர், கானாடுகாத்தான், தேவகோட்டை என்று எந்தப் பக்கம் போனாலும் பழைய வீடுகளின் அமைப்பு ஏறக்குறைய ஒன்றுதான். முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி எல்லாம் தாண்டினால் கிணறு, அதையொட்டித் தோட்டம். தோட்டம் என்ற பெயர்தான் மிச்சம். சமையலுக்கு ஆள் குறைந்ததும் காய் போடுவது நின்றது. வீடு பூட்டிக் கிடக்க ஆரம்பித்ததும் சீமைக்கருவேலம் உள்ளே வந்தது.

நான் சில வருஷமாகக் கொத்தாத தோட்டம்தான் வைத்திருக்கிறேன். அப்படியும் கேட்கிறவர்களுக்கெல்லாம் அதையே சொல்வதில்லை. முதல் வருஷம் அட்டையை விரித்துவிட்டு ஜம்பமாக உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டாம் நாள் அந்த அட்டையைக் குத்திக்கொண்டு பச்சை ஊசி மாதிரிக் கோரை வெளியே வந்து நின்றது. அன்றைக்குப் புரிந்ததுதான் இந்தக் கட்டுரை முழுக்க.

## முதலில் தரையைப் பாருங்கள்

எந்த வழி என்று முடிவு செய்யும் முன் ஐந்து விஷயத்தைப் பார்க்க வேண்டும். ஐந்தும் சம எடை இல்லை; முதலாவது மட்டுமே பாதி எடை.

என்ன களை? விதையால் பரவும் களை வேறு, மண்ணுக்குள் கிழங்கும் தண்டும் ஓட்டிப் பரவும் களை வேறு. குப்பைமேனி, சாரணை, நாயுருவி, தும்பை, பார்த்தீனியம் எல்லாம் முதல் வகை. பிடுங்கினால் போயிற்று, விதை விழாமல் பார்த்துக்கொண்டால் சரி. அருகும் (அருகம்புல்) கோரையும் இரண்டாவது வகை. மூன்றாவது, சீமைக்கருவேலம். அது களையே இல்லை, மரம். அடிக்கட்டையை விட்டுவைத்தால் திரும்பத் துளிர்க்கும்.

புல்லா கோரையா என்று சந்தேகம் வந்தால், பூத்தண்டை இரண்டு விரலுக்கு நடுவே வைத்து உருட்டிப் பாருங்கள். புல் உருண்டையாக உருளும். கோரை முக்கோணம், உருளாமல் மூன்று விளிம்பும் விரலில் தட்டும். அப்புறம் அதை இழுத்துப் பாருங்கள். செடி சுலபமாகக் கையோடு வரும். அதுதான் ஏமாற்று. கிழங்கு உள்ளேயே நின்றுவிடும். அந்த இடத்தில் மண்ணை மெதுவாகக் கிளறினால் கறுப்பாக, மொச்சைக்கொட்டை அளவில் ஒரு கிழங்கு, அதிலிருந்து மெல்லிய கம்பி மாதிரி ஒரு வேர்த்தண்டு, அதன் முனையில் இன்னொரு கிழங்கு, அங்கிருந்து இன்னொன்று. கிள்ளி முகர்ந்தால் மருந்துக்கடை வாசனை அடிக்கும்.

காய் எப்போது வேண்டும்? இந்த ஆடிக்கேவா, அடுத்த தைக்கா? அவசரம் இருந்தால் சில வழிகள் தானாகவே கழிந்துவிடும்.

தண்ணீர். நம் பக்கம் வருஷத்துக்கு ஏறக்குறைய 900 மி.மீ. மழை. அதில் பாதிக்குக் கிட்டத்தட்ட ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டிவிடும். மாசிக்கு மேல் செம்மண் இறுகிவிடும், சரளை மேலே தெரியும், செம்புறாங்கல் படுகை மேலாக இருக்கிற இடத்தில் கடப்பாரை ‘ணங்’ என்று திரும்பி வரும். கோடையில் கிணற்றில் எத்தனை அடி தண்ணீர் நிற்கிறது என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஆள். கூலிக்கு ஆள் கிடைக்கிறதா, கிடைத்தால் சொன்ன நாளில் வருகிறார்களா, வராவிட்டால் நீங்களே குனிந்து நிமிர முடியுமா?

பக்கத்தில் என்ன இருக்கிறது? கிணறு, வீட்டுச் சுவர், மேய வருகிற ஆடு, மயில். இவை ஒவ்வொன்றும் ஒரு வழியைக் கெடுக்கும்.

## ஆள் விட்டுக் கொத்துவது

பழைய வழி. இன்றைக்கு இதைத் திட்டுவது நாகரிகமாகிவிட்டது. மண்ணுயிர் சாகிறது, மண்புழு போய்விடுகிறது என்கிறார்கள். பொய் இல்லை. வருஷம் தவறாமல் கொத்திக் கிளறினால் மண்ணின் பொருபொருப்பு உடையும், மண்ணில் மக்கிக் கிடக்கிற பொருள் சீக்கிரம் எரிந்து போகும், ஆழத்தில் தூங்கிக்கொண்டிருந்த களை விதை வெளிச்சம் பட்டு முளைக்கும். கொத்திப் போட்ட பத்தாம் நாள் பச்சைப் பாய் விரித்தாற்போல் களை வருவதை எல்லோரும் பார்த்திருப்பீர்கள்.

ஆனால் கோரைக்கு இதைவிட நல்ல வைத்தியம் நான் பார்க்கவில்லை. நேரம் மட்டும் சரியாக இருக்க வேண்டும். கோரைக்கிழங்கு ஈரத்தில் எத்தனை நாளும் கிடக்கும், வெயிலில் சுருண்டு காய்ந்தால் செத்துவிடும். கோடை உழவு என்று நம்மவர்கள் வைத்திருந்ததன் காரணம் இதுதான். சித்திரையில் ஒரு கோடை மழை பெய்து மண் இளகியதும், ஒரு அடி ஆழத்துக்குக் கட்டி கட்டியாகப் புரட்டிப் போட வேண்டும். கட்டியை உடைக்கக் கூடாது. அக்கினி நட்சத்திரம் முடியும் வரை அப்படியே கிடக்கட்டும், தண்ணீர் காட்டக் கூடாது. இரண்டு வாரம் கழித்து இன்னொரு தடவை புரட்டி, கண்ணில் படுகிற கிழங்கைப் பொறுக்க வேண்டும். பொறுமை இருந்தால் மணல் சலிக்கிற சல்லடையில் மண்ணைப் போட்டுச் சலிக்கலாம்.

பக்கத்து வீட்டு ஆச்சி போன சித்திரையில் இப்படித்தான் ஆள் விட்டார்கள். கொத்த வந்தவர் அரை நாளில் சலித்துப்போய், “ஆச்சி, இதப் பொறுக்கிக்கிட்டே இருந்தா பொழுது போயிரும்” என்றார். “போனாப் போகுதுப்பா, பொறுக்கு” என்று ஆச்சி திண்ணையில் சாய்ந்துகொண்டார்கள். ஒரு சென்ட் கொத்த ஒரு ஆளுக்கு ஒரு நாள் ஆனது. பொறுக்க இரண்டு பேருக்கு இரண்டு நாள். கண்ணில் படாத செலவு இங்கேதான் இருக்கிறது. கொத்துக்கூலியைப் பேசுகிறோம், பொறுக்குகிற கூலியைப் பேசுவதில்லை. பொறுக்காமல் விட்டால் கொத்தாமலே இருந்திருக்கலாம். மழைக்காலத்தில் கொத்தினால் இன்னும் மோசம். சங்கிலியாக இருந்த கிழங்குகள் அறுந்து, ஒவ்வொன்றும் தனித்தனிச் செடியாகக் கிளம்பும்.

சீமைக்கருவேலத்துக்கும் இதே வழிதான். வெட்டினால் போதாது. தரைக்குக் கீழே அடிக்கட்டையைத் தோண்டி எடுக்க வேண்டும்.

## டிராக்டர், ஜேசிபி, கைக்கலப்பை எந்திரம்

ஆறு சென்ட்டுக்கு மேல் இருந்து, கருவேலம் மண்டிக் கிடந்தால் ஜேசிபி வருவது தவிர்க்க முடியாது. ஒரு மணி நேரத்தில் முடிகிற வேலை. ஓட்டுகிறவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்: “தூரை மட்டும் எடுங்க, தரையைச் சமன் பண்ண வேணாம்.” சொல்லாவிட்டால் மேலே இருக்கிற அரை அடி நல்ல மண்ணை மூலையில் குவித்துவிட்டு, அடியில் கிடந்த சரளையை உங்கள் தோட்டமாக ஆக்கிவிட்டுப் போவார். பிறகு அந்தக் குவியலைத் திரும்பப் பரப்ப இன்னொரு மணி நேரத்துக்கு வாடகை.

டிராக்டருக்குப் பின்னால் சுழல்கத்தியோடு வருகிற ரொட்டவேட்டர் பற்றி ஒரே வரிதான்: அருகும் கோரையும் இருக்கிற நிலத்தில் அதை விடாதீர்கள். அதன் கத்தி அருகை ஒவ்வொரு கணுவாக நறுக்கி, கோரைச் சங்கிலியைப் பிய்த்து, நிலம் முழுக்க ஒரே சீராக விதைத்துவிடும். அன்றைக்குச் சாயங்காலம் பார்க்க அழகாக இருக்கும். சிறு தோட்டத்துக்கு வாடகைக்குக் கிடைக்கிற கைக்கலப்பை எந்திரமும் அதே வேலையைத்தான் சின்ன அளவில் செய்யும். விதைக்களை மட்டும் இருக்கிற, மண் ஏற்கெனவே பொருபொருப்பான இடத்துக்கு அது போதும்.

## களைக்கொல்லி

எல்லோரும் முதலில் கேட்பது கிளைபோசேட்தான். இலை வழியாக உள்ளே போய், செடி தனக்கு வேண்டிய சில அமினோ அமிலங்களைத் தயாரிக்க உதவும் நொதியைத் தடுத்து, வேர் வரை கொல்லும். அதனால் இலை பச்சையாக, செடி துடிப்பாக இருந்தால்தான் வேலை செய்யும். பங்குனியில் தூசி படிந்து வாடிக் கிடக்கிற செடிக்கு அடித்தால் பணம்தான் வீண். விதையைக் கொல்லாது. கோரையில் தளிர்விட்டிருக்கிற கிழங்கு சாகும், தூங்குகிற கிழங்கு பிழைக்கும். ஆகையால் ஒரு தடவையோடு முடியாது.

சட்டமும் தெரிந்திருக்க வேண்டும். 2022 அக்டோபரில் மத்திய அரசு போட்ட உத்தரவுப்படி, பூச்சிக் கட்டுப்பாட்டுத் தொழில் உரிமம் உள்ளவர்கள்தான் இதைத் தெளிக்கலாம். கடையில் வாங்கி வந்து கைத்தெளிப்பானில் நாமே அடிப்பது அந்த உத்தரவுக்கு வெளியே. உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2015-இல் இதை ‘மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்க வாய்ப்புள்ளது’ என்ற பட்டியலில் வைத்தது. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அதை ஏற்கவில்லை. அந்தச் சண்டையில் நான் இறங்கவில்லை. என் தயக்கம் வேறு.

பின்கட்டுத் தோட்டத்துக்கு நடுவே கிணறு இருக்கிறது. பின்தெரு ஆடு உள்ளே வந்து மேய்கிறது. அந்தக் களையிலேயே மூக்கிரட்டையும் சாரணையும் இருக்கின்றன. யாராவது ஒரு அம்மா மடியில் பறித்துக்கொண்டு போய்க் கீரையாகக் கடைந்துவிடுவார். காற்றில் சாரல் பறந்தால் அடுத்த வீட்டு முருங்கை இலை வெளுக்கும். காய்கறிக்காகச் சுத்தம் செய்கிற மூன்று சென்ட்டுக்கு இது அளவுக்கு மீறின ஆயுதம் என்பது என் முடிவு. கருவேலங்காடாக ஏக்கர் கணக்கில் கிடக்கிறவர்களின் கதை வேறு.

## ஷீட் போட்டு மூடுவது

இதில் இரண்டு வகை இருக்கிறது, பலரும் குழப்பிக்கொள்கிறார்கள்.

ஒளி ஊடுருவும் மெல்லிய பாலித்தீன் ஷீட் மண்ணைச் சூடேற்றும். சித்திரை வைகாசியில் நிலத்தை நன்றாக நனைத்து, ஷீட்டை மண்ணோடு ஒட்டினாற்போல் இழுத்து விரித்து, நான்கு ஓரத்தையும் மண்ணில் புதைத்து, நான்கு முதல் ஆறு வாரம் விட வேண்டும். மேல்மண்ணில் இருக்கிற களை விதையும் சில நோய்க் கிருமிகளும் வெந்துபோகும். கோரை குறையும், அழியாது. நனைப்பதற்குக் கோடையில் தண்ணீர் வேண்டும் என்பதுதான் இடிக்கிற இடம்.

கறுப்பு ஷீட்டும் தார்பாயும் வெளிச்சத்தை மறைத்துச் செடியைப் பட்டினி போடும். அருகுக்கு இது சரியான எதிரி. மூன்று நான்கு மாதம் அசையாமல் கிடந்தால் வெளுத்து, நூலாகிச் சாகும். மெல்லிய கறுப்பு ஷீட்டைக் கோரை குத்திக் கிழிக்கும். நெய்த தடித்த விரிப்பாக இருந்தால் தாங்கும்.

நம் ஊர்ச் சிக்கனம் ஒன்று உண்டு: பழைய ஃபிளெக்ஸ். காதுகுத்து, கல்யாணம், கட்சி மாநாடு என்று எந்த ஃபிளெக்ஸானாலும் வீட்டு மாடியில் ஒன்றிரண்டு மடித்துக் கிடக்கும். மாப்பிள்ளை பெண் முகம் தரையைப் பார்க்க, வெள்ளைப் பக்கம் மேலே தெரிய விரிக்கிறார்கள். இரண்டு மூன்று மாதத்துக்குப் பரவாயில்லை. அதற்குமேல் விடாதீர்கள். வெயிலில் நைந்து உரிய ஆரம்பித்தால் பிளாஸ்டிக் செதில் மண்ணில் கலந்துவிடும். பிறகு எத்தனை வருஷம் கீரை பறித்தாலும் அதில் ஒரு நீலத்துணுக்கு வரும். நீலத் தார்பாயும் ஒரே கோடையில் நூல் நூலாகப் போகிறது. மலிவு என்று வாங்குவதில் இதுதான் பிந்தி வருகிற செலவு.

## கொத்தாமல் மூடாக்குப் போடுவது

இப்போது வீடியோக்காரர்கள் விஷயத்துக்கு வருவோம். இங்கிலாந்தில் சாமர்செட்டில் சார்லஸ் டவுடிங் என்ற தோட்டக்காரர் பல பத்தாண்டுகளாக மண்ணைக் கொத்தாமல் காய்கறி விளைவிக்கிறார். களையின் மேல் அட்டை, அட்டையின் மேல் அரை அடி மக்கிய உரம், அதிலேயே நடவு; அடுத்த வருஷத்திலிருந்து மேலே ஒரு அங்குல உரம் மட்டும். அங்கே எடுத்த வீடியோவைப் பார்த்துத்தான் இங்கே பாதிப்பேர் ஆரம்பிக்கிறார்கள். இயற்கை விவசாயம் பரப்பிய நம்மாழ்வார் 2013-இல் மறையும் வரை ஊர் ஊராகப் போய்ச் சொன்ன மூடாக்கும், அதாவது சருகு, வைக்கோலால் மண்ணை மூடி வைப்பதும், இதன் உறவுதான். மண்ணை வெயிலுக்குக் காட்டாதே என்பது இரண்டுக்கும் பொது.

ஏன் வேலை செய்கிறது? வெளிச்சம் கிடைக்காத செடி, வேரில் சேர்த்து வைத்ததைச் செலவழித்துத் தளிர் விடப் பார்த்து, முடியாமல் சாகிறது. விதைகள் கீழேயே கிடக்கின்றன. கிளறாததால் மேலே வருவதில்லை. மண்ணைப் பொருபொருப்பாக்கும் வேலையை மண்புழுவும் வேரும் எடுத்துக்கொள்கின்றன. என் பாத்தியில் இரண்டாவது கார்த்திகையில் விரலை விட்டால் இரண்டாம் கணு வரை சுலபமாக இறங்கியது. முதல் வருஷம் அதே இடத்தில் நகம் கூட இறங்கவில்லை.

அளவு இப்படி. மூன்று சென்ட் என்பது சுமார் 1,300 சதுர அடி. நடைபாதை போக நான்கு அடி அகலத்தில் 25 அடி நீளப் பாத்தி ஆறு போட்டால், பாத்தி மட்டும் 600 சதுர அடி. அதில் நான்கு அங்குல உயரத்துக்கு மக்கிய எரு என்றால் 200 கன அடி, அதாவது இரண்டு யூனிட். அடுத்த வருஷம் ஒரு அங்குலம் போதும், அரை யூனிட். முதல் வருஷத்துக் கனத்த செலவு இதுதான்; கொத்துக்கூலியை மிச்சம் பிடித்ததாக நினைத்தவர்கள் எருவிலையைக் கேட்டதும் விழித்துக்கொள்வார்கள்.

அட்டை வாங்குவது சுலபம். ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின் கடையில் பெரிய பெட்டி கிடைக்கும். செலோ டேப், பின், வழவழப்பான அச்சுத்தாள் எல்லாவற்றையும் உரித்துவிடுங்கள். ஒன்றின் மேல் ஒன்று ஒரு சாண் ஏறியிருக்க வேண்டும். இடுக்கு விட்டால் அருகு அந்த இடுக்கைக் கண்டுபிடித்துவிடும். முக்கியமானது ஈரம். காய்ந்த மண்மேல் காய்ந்த அட்டையைப் போட்டால் அது கூரை மாதிரி மழையைத் தடுக்கும், மக்கவும் மக்காது. முதலில் மண்ணை நனைத்து, அட்டையைத் துவள நனைத்து, பிறகு எரு. இதனால்தான் ஆவணிக் கடைசியில் ஒன்றிரண்டு மழைக்குப் பிறகு போடச் சொல்கிறேன். ஐப்பசி மழை மீதியைப் பார்த்துக்கொள்ளும்.

சாமர்செட்டில் இல்லாத நான்கைந்து சங்கதி இங்கே உண்டு.

அங்கே உரத்தின் மேல் வைக்கோல் போட வேண்டாம் என்கிறார்கள், நத்தை சேரும் என்று. இங்கே போடாவிட்டால் மாசி வெயிலில் அந்த எரு காபித்தூள் மாதிரிக் காய்ந்து காற்றில் போகும். ஆகவே மேலே ஒரு சாண் மூடாக்கு கட்டாயம். வைக்கோல் மாட்டுக்குப் போய்விடுவதால் விலை அதிகம். கடலைத் தோல், கரும்புச் சோகை, வாழைச் சருகு, தென்னை மட்டையைத் துண்டு போட்டது எல்லாம் ஆகும். சாலையோரம் குவிந்து கிடக்கிற தைலமரச் சருகை மட்டும் அள்ளி வராதீர்கள். அதிலுள்ள எண்ணெய் நாற்றை வளரவிடாது. அடைமழை மாதத்தில் நத்தை நமக்கும் வரும். அந்த மாதம் மட்டும் இளநாற்றைச் சுற்றி மூடாக்கை ஒரு சாண் தள்ளி வைக்கலாம்.

அடுத்தது கரையான். அட்டையும் சருகும் அதற்குக் கல்யாணச் சாப்பாடு. நாற்பது நாள் கழித்து ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன். அட்டை இருந்த இடத்தில் அட்டை வடிவத்தில் மண் இருந்தது. செடிக்கு அது பெரிய கேடில்லை, ஈரம் இருக்கும் வரை கரையான் காய்ந்ததைத்தான் தின்னும். வேப்பம் புண்ணாக்கு தூவினால் கொஞ்சம் கட்டுப்படுகிறது. கேடு வீட்டுக்கு. பர்மா தேக்குத் தூண் தாங்கும். பிறகு போட்ட ஜன்னல் சட்டம், ரீப்பர், பெட்டகத்துப் புத்தகம், பட்டுப்புடவை தாங்காது. சுவரிலிருந்து ஆறடி தூரத்துக்கு அட்டையும் மூடாக்கும் வரக் கூடாது என்று வைத்திருக்கிறேன்.

மூன்றாவது, எருவோடு வருகிற விருந்தாளி. கிடை போட்ட இடத்து ஆட்டு எரு நல்ல எரு. ஆனால் ஆடு தின்ற சீமைக்கருவேல நெற்றின் விதை சாகாமல் வெளியே வரும். மக்காத ஆட்டு எருவை அவசரத்தில் கொட்டி, கத்தரிப் பாத்தி முழுக்கக் கருவேலங்கன்று பிடுங்கிய ஆள் நான். கண்மாய் வண்டலும் அப்படித்தான். தாசில்தாரிடம் அனுமதி வாங்கி அள்ளி வரலாம், சத்தும் உண்டு, கோரைக்கிழங்கும் கூடவே வரும். எதுவானாலும் குழியில் நன்றாக மக்க வைத்து, ஒரு தடவை முளைக்கவிட்டுப் பிடுங்கிய பிறகு பாத்திக்கு ஏற்றுங்கள்.

மயிலையும் சொல்ல வேண்டும். புழு தேடி மூடாக்கை அது கிளறுகிற வேகத்தில் ஒரு காலையில் ஒரு பாத்தி காலி. சட்டப்படி அதன் மேல் கை வைக்க முடியாது. பழைய மீன்வலையை ஒரு அடி உயரத்தில் கட்டியிருக்கிறேன். தேள், பூரான், சுருட்டைவிரியன் மூடாக்கடியில் தங்கலாம். வெறுங்கையால் சருகை அள்ளாதீர்கள், குச்சியால் தட்டிவிட்டு அள்ளுங்கள். சின்னப் பிள்ளைகள் ஓடியாடுகிற தோட்டமென்றால் இதை யோசிக்க வேண்டும்.

முதல் வருஷம் எல்லாக் காயும் வராது. பூசணி, சுரை, பாகல், கத்தரி, மிளகாய் நன்றாக வரும். அட்டையில் ஒரு கிழிசல் விட்டு நாற்றை வைக்க வேண்டும். மண்டி (அரிசி கழுவிய தண்ணீரில் வைக்கிற செட்டிநாட்டுக் குழம்பு) வைக்கிற அளவுக்கு வெண்டைக்காய் முதல் வருஷமே கிடைத்தது. கீரைக்கு எரு அமர்ந்து சீராக வேண்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம். நிலக்கடலை, முள்ளங்கி போட வேண்டுமென்றால் மண் இளகும் வரை காத்திருங்கள்.

## ஒரே பார்வையில்

| வழி | நடவுக்கு எவ்வளவு நாள் | கோரை இருந்தால் | பிந்தி வருகிற செலவு |
|---|---|---|---|
| ஆள் விட்டுக் கொத்துவது | கோடையில் ஆறு வாரம் | கோடையில் சிறந்தது, மழையில் கெடுதல் | பொறுக்குகிற கூலி |
| எந்திரம் | ஓரிரு நாள் | பெருக்கிவிடும் | மேல்மண் இழப்பு |
| களைக்கொல்லி | இரண்டு மூன்று வாரம், திரும்பவும் அடிக்க வேண்டும் | பாதி | கிணறு, ஆடு, அக்கம்பக்கம் |
| ஷீட் | ஒன்று முதல் நான்கு மாதம் | குறையும் | நைந்த பிளாஸ்டிக் |
| கொத்தாமல் மூடாக்கு | அன்றைக்கே சில காய் | அட்டையைக் குத்தி வரும் | எரு, கரையான், மயில் |

## அப்படியானால் யாருக்கு எது?

விதைக்களை மட்டும்தான், அல்லது அருகு கொஞ்சம் கலந்திருக்கிறது என்றால் யோசிக்கவே வேண்டாம், கொத்தாமல் மூடுங்கள். பார்த்தீனியம் பூக்கும் முன் கையுறை போட்டுப் பிடுங்கிவிட்டு அட்டையை விரிக்கலாம். குனிந்து வேலை செய்ய முடியாதவர்களுக்கு வருஷா வருஷம் மிச்சமாவது முதுகு.

கோரை இருந்தால் முதலில் ஒரு கோடை முழுக்கக் கொத்திக் காயவிடுங்கள், அந்த ஆடியை விட்டுக்கொடுங்கள், ஆவணியில் மூடாக்குக்கு மாறுங்கள். ஒரு தடவை கொத்து, அதற்கப்புறம் தொடாதே. கொத்தாத தோட்டக் கட்சிக்காரர்களுக்கு இது பிடிக்காது. என் தோட்டத்தில் இதுதான் நடந்தது. தப்பிப் பிழைத்த கோரை அங்கங்கே தலைகாட்டும். மூடாக்கு போட்ட ஈர மண்ணில் அதைக் கிழங்கோடு உருவி எடுப்பது இறுகிய செம்மண்ணில் எடுப்பதைவிட எவ்வளவோ சுலபம். முதல் வருஷம் வாரம் ஒருமுறை அரை மணி நேரம் இதற்கு ஒதுக்க வேண்டியிருக்கும்.

கருவேலம் என்றால் ஜேசிபி, தூர் எடுத்தபின் மூடாக்கு. நடுவில் ரொட்டவேட்டர் வேண்டாம்.

சென்னையிலோ சிங்கப்பூரிலோ இருந்துகொண்டு முன்னோருக்குப் படைக்கிற படைப்புக்கும் திருவிழாவுக்கும் மட்டும் வந்து போகிறவர்களும் கேட்கிறார்கள். அவர்களுக்கு மூடாக்குத் தோட்டம் வேண்டாம். ஆள் இல்லாத வீட்டில் அட்டையும் சருகும் போட்டுவிட்டுப் போவது கரையானுக்குச் சாவி கொடுத்துவிட்டுப் போவது மாதிரி. தடித்த நெய்த கறுப்பு விரிப்பை வாங்கி, சுவரிலிருந்து தள்ளி விரித்து, ஓரத்தில் கல் வைத்துவிட்டுப் போங்கள். குடியிருக்கத் திரும்பி வருகிற வருஷம் தரை தயாராக இருக்கும். வாடகை வீட்டில் ஒரு வருஷம்தான் இருப்பேன் என்கிறவர்கள் இரண்டு யூனிட் எருவை வீட்டுக்காரருக்கு விட்டுவிட்டுப் போக வேண்டாம். பத்துப் பைகளில் செடி வைத்துக்கொண்டு தரையைப் புல்லோடு விட்டுவிடலாம்.

பொறுக்கிய கோரைக்கிழங்கை எங்கே போடுவது என்று ஒருவர் கேட்டிருந்தார். எருக்குழியில் மட்டும் போட வேண்டாம், அடுத்த வருஷம் எருவோடு திரும்பி வரும். சிமெண்டுத் தரையில் பரப்பிச் சருகாகும் வரை காயவிட்டு எரித்துவிடுங்கள். பக்கத்து வீட்டு ஆச்சி எரிக்கவில்லை. ஒரு படி அளவுக்குக் கழுவி வளவு முற்றத்தில் காயவைத்து, பச்சைப்பயறு, பூலாங்கிழங்கு, ஆவாரம்பூவோடு சேர்த்துக் குளியல் பொடிக்கு அரைக்கக் கொடுத்துவிட்டார்கள். அரவை மில்லிலிருந்து தூக்குவாளியில் திரும்பி வந்ததில் எனக்கும் ஒரு டப்பா கிடைத்தது.